லாரி தெரிந்தது, நம்பர் தெரியவில்லை

நடுராத்திரியில் வழி தவறி வந்த ஒரு சின்ன லாரி, எங்கள் குடியிருப்பு வாசலில் திரும்பப் பார்த்து, கேட் தூணை இடித்துச் சாய்த்துவிட்டு, பின்னால் எடுத்து ஓடிவிட்டது. செக்யூரிட்டி வெளியே வருவதற்குள் தெருமுனையைத் தாண்டியாயிற்று. காலையில் வாசலில் கூடியவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "அதான் கேமரா இருக்கே, பார்த்தா தெரிஞ்சுடும்." எனக்கும் அதே நம்பிக்கைதான். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அப்போதுதான் என்னிடம் வந்திருந்தது. பழைய நிர்வாகம் வாங்கி வைத்திருந்த ரெக்கார்டரும் சாவிக்கொத்தோடு சேர்ந்து வந்திருந்தது. உட்கார்ந்து ஓடவிட்டோம். லாரி வருகிறது, தூண் சாய்கிறது, டிரைவர் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறார், எல்லாம் தெரிகிறது. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு தீற்றல். பெரிதாக்கிப் பார்த்தால் தீற்றல் பெரிதாகிறதே தவிர எழுத்து வருவதாக இல்லை. தூண், இரும்பு வேலை, கேட் மோட்டார் என்று அந்த ஆண்டு பெயின்ட் வேலைக்கு ஒதுக்கியிருந்த பணம் மொத்தமும் அதற்கே போனது. அதைவிட, "கேமரா வச்சு என்ன சார் பிரயோஜனம்?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் என்னைக் கேட்டதுதான் அதிகமாக உறுத்தியது.

கேமரா மாட்டியவருக்குப் போன் போட்டேன். "ஃபுல் எச்டி கேமரா சார், இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, கேமரா ஃபுல் எச்டிதான். ஆனால் ரெக்கார்டரின் மெனுவுக்குள் போய், பதிவுத் தரம் என்ற பக்கத்தைத் திறந்தபோது ஒவ்வொரு சேனலுக்கும் (ஒரு கேமராவுக்கு ஒரு சேனல்) நேரே '1080என்' என்று இருந்தது. அந்த 'என்' என்ற ஒற்றை எழுத்தில்தான் எங்கள் நம்பர் காணாமல் போயிருந்தது. ஃபுல் எச்டி என்றால் குறுக்கே 1920 புள்ளி, நெடுக்கே 1080 புள்ளி. 1080என் என்றால் குறுக்கே 960 புள்ளிதான். நெடுக்கே மட்டும் 1080 அப்படியே இருக்கும். அதாவது கேமரா அனுப்புகிற படத்தில் அகலவாட்டுப் புள்ளிகளில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் பெட்டி பதிவு செய்யும். சில மாடல்களில் நேரலையில் பார்க்கும்போது படம் பளிச்சென்று இருக்கும், பதிவை ஓடவிட்டால்தான் குட்டு வெளிப்படும். '5 மெகாபிக்சல் லைட்' என்று எழுதியிருப்பதும் இதே சங்கதிதான். டிவிஆர் என்கிற இந்த வகை ரெக்கார்டரை வாங்குகிறவர்கள் அட்டைப் பெட்டியில் உள்ள பெரிய எழுத்தை விட்டுவிடுங்கள். விவரப் பட்டியலில் 'ரெக்கார்டிங் ரெசல்யூஷன்' என்ற வரியைத் தேடி, ஒவ்வொரு சேனலிலும் விநாடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம், என்பதையும் சேர்த்துப் படியுங்கள். முழுத் தரத்தில் விநாடிக்கு 6, 7 ஃபிரேம் மட்டும் பதிகிற பெட்டிகளும் உண்டு. கேட்டுக்கு 15 ஃபிரேம் இருந்தால் தாராளம்.

சரி, முழு 1080 பதிந்திருந்தால் அந்த நம்பர் கிடைத்திருக்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிடைத்திருக்காது. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ரெக்கார்டரை மட்டும் மாற்றிவிட்டு ஏமாந்தவர்கள் நிறைய. கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரத்தின் 2014 பதிப்பில் ஒரு அளவுகோல் இருக்கிறது: யாரோ வருகிறார் என்று கண்டுகொள்ள ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 பிக்சல் (புள்ளி), தெரிந்த ஆள்தான் என்று சொல்ல 125, முன்பின் தெரியாதவரை அடையாளம் காட்ட 250. நம்பர் பிளேட்டுக்கும் அந்த 250-ஐயே நான் வைத்துக்கொண்டேன். எங்கள் கேமராவில் இருந்தது 2.8 மில்லிமீட்டர் லென்ஸ். பத்து மீட்டர் தள்ளி அது 20 மீட்டர் அகலத்தைப் பிடித்துவிடும். 1920-ஐ 20-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 96 பிக்சல். பெட்டி அதையும் பாதியாக்கி 48 ஆக்கிவிட்டது. வாசல் முழுவதும் தெரிய வேண்டும், நம்பரும் தெரிய வேண்டும் என்று ஒரே கேமராவிடம் கேட்டால் இரண்டும் உருப்படாது. வாசலைப் பார்க்க ஒன்று, வண்டி நிற்கிற இடத்தை மட்டும் குறுக்கிப் பார்க்க 12 மில்லிமீட்டர் போல நீள லென்ஸோடு இன்னொன்று என்று பிரித்துக்கொள்வதுதான் வழி.

அதற்கு மேல் ஹெட்லைட் கூச்சமும் ராத்திரி இருட்டும். கேமரா ராத்திரியில் தானாகவே ஷட்டரை 1/25 விநாடி வரை திறந்து வைத்துக்கொள்ளும். மணிக்கு 30 கிலோமீட்டரில் வருகிற வண்டி அந்த நேரத்துக்குள் 33 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். எழுத்து எப்படித் தெரியும்? ஷட்டரை 1/500 என்று கையால் கட்டிவைத்தால் அது 1.7 சென்டிமீட்டராகச் சுருங்கும். படம் இருட்டாகத்தான் இருக்கும், பரவாயில்லை. நம்பர் பிளேட்டின் பூச்சு வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புவது என்பதால், கேமராவின் அகச்சிவப்பு விளக்கிலேயே பிளேட் மட்டும் தனியாக எடுத்துக் காட்டும். வண்டி, மரம், ஆள் எல்லாம் கருப்பாகி நம்பர் மட்டும் தெரிகிற படத்தை முதல்முறை பார்த்த எங்கள் பொருளாளர், "கேமரா ரிப்பேரா?" என்று கேட்டார். கேட்டுக்கு முன்னால் ஒரு வேகத்தடை போட்டது கேமரா செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் நம்பர் விஷயத்தில் பாதி வேலையை அதுதான் செய்கிறது.

லாரி விஷயம் ஆறுவதற்குள் அடுத்த அடி. வெளியூர் போய்த் திரும்பிய ஒரு குடும்பம், வீட்டு வாசலில் இருந்த சைக்கிளைக் காணோம் என்று வந்து நின்றது. போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. "ஒரு மாசம் ரெக்கார்டிங் இருக்கும்" என்பது மாட்டிக் கொடுத்தவர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தது. தேடிப் பார்த்தால் ஆறு நாளுக்கு முந்தையது எதுவுமே இல்லை. டிஸ்க் நிறைந்ததும் பழையதை அழித்துப் புதியதை எழுதுவதுதான் இந்தப் பெட்டிகளின் வழக்கம். இதைக் கணக்குப் போட ஒரே ஒரு எண் போதும். விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் வருகிற படம் ஒரு நாளைக்கு 10.8 ஜிபி பிடிக்கும். எங்களிடம் எட்டு கேமரா, ஒவ்வொன்றும் 2 மெகாபிட். ஆக நாளைக்கு 172 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். உள்ளே இருந்ததோ 1 டிபி டிஸ்க். ஆறு நாளைத் தாண்ட வழியே இல்லை. இந்தப் பெருக்கலை அன்றைக்கே யாராவது ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பார்த்திருந்தால் முடிந்திருக்கும். அந்த வீட்டம்மா ஒன்றும் திட்டவில்லை. "சரி விடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

இதற்கு மாற்றாக, அசைவு இருந்தால் மட்டும் பதிகிற மாதிரி வைத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். வைத்துப் பார்த்தோம். பகலில் மரக்கிளை ஆடினால் பதிகிறது, ராத்திரியில் விளக்கைச் சுற்றுகிற பூச்சிக்குப் பதிகிறது. கேமரா முகப்பில் சிலந்தி வலை கட்டிவிட்டால் விடிய விடியப் பதிகிறது. ஆள் வரும்போது மட்டும் இரண்டு விநாடி தாமதமாக விழித்துக்கொள்கிறது. வீட்டுக்குள் வைக்கிற கேமராவுக்கு அது சரிப்படும். கேட்டுக்கு இடைவிடாத பதிவுதான் வேண்டும், அசைவு என்பது பிறகு தேடுவதற்கு உதவுகிற அடையாளமாக மட்டும் இருக்கட்டும்.

லாரி பதிவைக் காவல் நிலையத்தில் கேட்டார்கள். அதைப் பிரதி எடுத்த கதை தனி. ஒரு மணி நேரப் பதிவை பென் டிரைவில் ஏற்ற ராத்திரிச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்தால் அங்கிருந்த கணினியில் திறக்கவில்லை. அந்தப் பெட்டி தனக்கென்று ஒரு வடிவத்தில்தான் எழுதுமாம், அதற்கென்று ஒரு பிளேயரும் வேண்டுமாம். அதையும் கொண்டுபோய்க் கொடுத்துத் திறந்தால், திரையின் மூலையில் ஓடுகிற நேரம் உண்மையான நேரத்தைவிட 17 நிமிடம் பின்தங்கி இருந்தது. "எந்த நேரத்தை எழுதிக்கிறது?" என்று அந்த அதிகாரி கேட்டார், பொறுமையாகத்தான் கேட்டார். தெருமுனைக் கடையின் கேமராவில் அந்த லாரி போன நேரத்தை எங்கள் நேரத்தோடு பொருத்திப் பார்க்கவே அரை நாள் போனது. இணையத்தோடு இணைந்த ரெக்கார்டரில் 'என்டிபி' என்றொரு அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் கடிகாரம் தானாகத் திருத்திக்கொள்ளும். இணையம் இல்லாத இடமென்றால் மாதம் ஒருமுறை கையால் சரிபார்க்க வேண்டும். வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்: பிரதி எடுத்தால் எம்பி4 ஆக வருமா, எந்தக் கணினியிலும் திறக்குமா என்று. கடைக்காரர் "வரும் வரும்" என்பார். எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

புதிதாக வாங்குவது என்று முடிவான பிறகு கொட்டேஷன் வாங்க ஆரம்பித்தேன். வந்த எல்லாக் கொட்டேஷனிலும் முதல் வரி சேனல் எண்ணிக்கைதான். எட்டு சேனல், பதினாறு சேனல், முப்பத்திரண்டு சேனல். எத்தனை நாள் நிற்கும், நம்பர் தெரியுமா என்று ஒருவர்கூட எழுதவில்லை. டிவிஆரா என்விஆரா என்ற கேள்விக்கும் ஆளுக்கொரு பதில். டிவிஆர் என்றால் வட்டக் கேபிளில் (கோஆக்சியல்) வருகிற அனலாக் கேமராக்களுக்கு, படத்தைச் சுருக்குகிற வேலையைப் பெட்டியே செய்யும். என்விஆர் என்றால் நெட்வொர்க் கேபிளில் வருகிற ஐபி கேமராக்களுக்கு, சுருக்குகிற வேலையைக் கேமராவே செய்து அனுப்பிவிடும். பழைய வட்டக் கேபிள் நல்ல நிலையில் இருந்து, நாலைந்து கேமராதான் என்றால் முழுத் தரத்தில் பதிகிற ஒரு நல்ல டிவிஆரே போதும். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. எங்கள் கேபிளில் தண்ணீர் இறங்கி உள்வலை பச்சை பூத்திருந்தது. எப்படியும் தோண்ட வேண்டும் என்பதால் என்விஆருக்குப் போனோம். தோண்டி மூடிய கூலி ரெக்கார்டரின் விலையைத் தாண்டியது என்பதைப் பொதுக்குழுவில் புரியவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

என்விஆரில் சேனல் எண்ணிக்கையைவிட முக்கியமானது உள்வரும் வேகம். எட்டு சேனல் என்று போட்டு, மொத்தம் 40 மெகாபிட்தான் வாங்கும் என்று அடியில் சின்னதாக எழுதியிருப்பார்கள். 4கே கேமரா ஒன்றுக்கு 8 மெகாபிட் கொடுத்தால் ஐந்தோடு முடிந்தது கதை. அடுத்தது எச்.265 என்ற சுருக்கும் முறை. பழைய எச்.264-ஐவிட இடம் குறைவாகப் பிடிக்கும். ஆனால் எச்.265-க்குப் பின்னால் ஒரு பிளஸ் குறி போட்டு இன்னும் சுருக்குகிற வகைகளில், அசையாத பின்புலத்தை மிச்சம் பிடிப்பதற்காக எதை எதையோ மழுங்கடித்துவிடுகிறார்கள். நம்பர் பிளேட் கேமராவுக்கு மட்டும் அதை அணைத்து வைத்திருக்கிறேன். கேட்டுக்கு நாலு கேமரா, தலைக்குச் சராசரி 4 மெகாபிட், முப்பது நாள் என்று கணக்குப் போட்டால் 5.2 டிபி வருகிறது. அதனால் 6 டிபி டிஸ்க். இதற்கென்றே இரவு பகலாக எழுதுவதற்குச் செய்யப்பட்ட டிஸ்க்குகள் உண்டு. டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை அந்த வகை. சாதாரணக் கணினி டிஸ்க்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு அதே விலையை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு டிஸ்க் மாட்ட இடமுள்ள பெட்டியாக வாங்கியது பின்னாளில் நாள்களைக் கூட்ட வசதி.

கேபிள் விஷயத்தில் ஒரு கூத்து நடந்தது. புதுக் கேமரா மாட்டியாயிற்று, பகலில் படம் அருமை. பொழுது சாய்ந்ததும் கடைசிக் கேமரா மட்டும் அணைகிறது, வருகிறது, மறுபடி அணைகிறது. மாட்டியவர் கேமரா கோளாறு என்று சொல்லி மாற்றினார், புதுசும் அதையே செய்தது. வெட்டிப் போட்ட கேபிள் துண்டு ஒன்று கீழே கிடந்தது. உள்கம்பியைக் கத்தி முனையால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், சுரண்டிய இடத்தில் வெள்ளி நிறம். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம். கேபிள் வழியாகவே மின்சாரமும் போகிற பிஓஇ முறையில், இருட்டியதும் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கிக் கேமரா கூடுதலாக மின்சாரம் இழுக்கும். அலுமினியத்தில் தடை அதிகம் என்பதால் நீளமான ஓட்டத்தில் மின்னழுத்தம் இறங்கி, கேமரா மயங்கி விழுகிறது. சுத்தச் செம்பு என்று கொட்டேஷனில் எழுதி வாங்கியிருந்ததால் அவர் செலவிலேயே மாற்ற வைக்க முடிந்தது. எழுதி வாங்காதவர்களுக்கு அந்தத் துண்டுக் கேபிள்கூட ஆதாரமாகாது. கேமராக் கேபிள்கள் வந்து சேர்கிற பிஓஇ சுவிட்ச் பெட்டியிலும் இதே எச்சரிக்கை: ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் என்று போட்டிருந்தாலும், எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்பது வேறு எண்.

நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர்தான் ஓடும். எங்கள் கேட்டிலிருந்து சங்க அலுவலகம் அதைவிடத் தூரம். நடுவில் ஒரு சுவிட்ச் வைத்து நீட்டலாம் என்றார்கள். நான் ஃபைபர் போடச் சொன்னேன். தூரத்துக்காக மட்டும் இல்லை. பக்கத்தில் இடி விழுந்தால் மண்ணுக்கடியில் ஓடுகிற செம்புக் கம்பி வழியே மின்பாய்ச்சல் வந்து பெட்டியின் போர்ட்டுகளைக் கருக்கிவிடும். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. உள்ளே வலுவுக்காக இரும்புக் கம்பி வைத்த ஃபைபர் உண்டு, அது இல்லாததாகக் கேளுங்கள். கேட்டில் சுவிட்சுக்கும், அலுவலகத்தில் ரெக்கார்டருக்கும் தனித்தனி யுபிஎஸ். ரெக்கார்டருக்கு மட்டும் யுபிஎஸ் போட்டுவிட்டுக் கேமராவைக் கரண்ட்டில் விட்டால், மின்தடையில் பெட்டி சமத்தாகக் கருப்புத் திரையைப் பதிந்துகொண்டிருக்கும்.

பழைய ரெக்கார்டர் செக்யூரிட்டி அறையில், டீ டம்ளர் வைக்கிற பலகையில் இருந்தது. தகரக் கூரைச் சூடும் தூசியும் ஒரு பக்கம். திருட வருகிறவன் போகிற போக்கில் பெட்டியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம் என்பது இன்னொரு பக்கம். இப்போது அலுவலகத்தில் பூட்டிய இரும்பு அலமாரியில் இருக்கிறது. செக்யூரிட்டி அறையில் வெறும் திரை மட்டும், அதுவும் நேரலை மட்டும் பார்க்கிற கணக்கில். இந்தக் கட்டுப்பாடு வந்ததற்குக் காரணம் உண்டு. பழைய பெட்டியின் பாஸ்வேர்டு ஊருக்கே தெரிந்திருந்தது. யார் வீட்டுப் பெண் எத்தனை மணிக்கு யாரோடு வண்டியில் வந்து இறங்கினாள் என்ற ஒரு துண்டு வீடியோ குடியிருப்பு வாட்ஸ்அப்பில் சுற்றி, அந்தக் குடும்பம் சங்கக் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டது. போன லாரியைவிட எனக்கு அதுதான் பெரிய சேதம். இப்போது பழைய பதிவைப் பார்க்க எழுத்தில் கேட்க வேண்டும், இரண்டு பேர் சேர்ந்துதான் திறக்க முடியும், யார் எப்போது திறந்தார்கள் என்பது பெட்டி தானே எழுதிவைக்கிற லாக் என்ற குறிப்பேட்டில் நிற்கும். ஆளுக்கொரு கணக்கு உண்டாக்க முடிகிற, லாகை அழிக்க முடியாத ரெக்கார்டரா என்பதை வாங்கும்போதே பாருங்கள்.

இணையத்தில் இணைக்கும்போது இன்னொன்று. 2016-ல் மிராய் என்ற தீநிரல், கடையிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றை வைத்தே இணையத்தின் பெரிய பெரிய தளங்களை முடக்கியது. எங்கள் பழைய பெட்டியிலும் அந்தப் பாஸ்வேர்டுதான், போனில் பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட்டும், அதாவது வெளியிலிருந்து உள்ளே நுழைகிற வழியும், திறந்து விடப்பட்டிருந்தது. புதிதில் போர்ட் எதையும் திறக்க வேண்டாம், விபிஎன் என்கிற பூட்டிய தனிப் பாதை வழியாகப் போய்க்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டேன். வேலை முடிந்ததும் மாட்டியவரின் கணக்கை அவர் முன்னாலேயே நீக்கினோம். முகம் கொஞ்சம் வாடியது, வாடட்டும்.

கடைசித் தவணைப் பணத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி சோதனை செய்தோம். என் காரையே ஹெட்லைட்டை முழுதாகப் போட்டுக் கேட்டுக்குள் ஓட்டி வந்து, நேரலையைப் பார்க்காமல் பதிவை எடுத்து நம்பரைப் படித்தோம். அதைப் பிரதி எடுத்து வேறொரு கணினியில் திறந்தோம். கரண்ட்டை நிறுத்தினோம். ஃபைபரைக் கழற்றினோம். இந்தக் கடைசிச் சோதனையில் மட்டும் தோற்றது. தொடர்பு அறுந்தால் கேமராவுக்குள் இருக்கிற மெமரி கார்டில் பதிந்து, தொடர்பு வந்ததும் ரெக்கார்டர் அதை இழுத்து நிரப்பிக்கொள்ளும் என்பது பேச்சு. மூன்று கேமராவில் அப்படியே நடந்தது. நம்பர் பிளேட் கேமரா வேறு கம்பெனியுடையது, அதில் மட்டும் நடக்கவில்லை. இரண்டு கம்பெனிப் பொருள்களைப் பேசவைக்கிற 'ஆன்விஃப்' என்ற பொது மொழி படத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். இந்த மாதிரித் தனிச் சலுகைகள் அதில் வரும் என்று நம்ப முடியாது. அந்தக் கேமராவின் கார்டைத் தேவைப்பட்டால் கையால் எடுத்துப் பார்த்துக்கொள்வது என்று விட்டுவிட்டோம்.

இப்போது பாக்கி இருப்பது வெளியே போகிற வழி. உள்ளே வருகிற வண்டியின் முன்பக்க நம்பர் பிசகாமல் விழுகிறது. முன்னால் நம்பரே இல்லாமல், அல்லது மட்கார்டு ஓரத்தில் வளைத்து எழுதிக்கொண்டு வருகிற இருசக்கர வண்டிகள் இன்னும் தப்பித்துக்கொண்டுதான் இருக்கின்றன. அதற்குப் பின்பக்கத்தைப் பார்க்கிற இன்னொரு கேமரா வேண்டும். பெட்டியில் சேனல் காலியாக இருக்கிறது, சுவிட்சில் வாட்டும் மிச்சம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோணத்தில் மாட்டுவதற்கு ஒரு கம்பம் நட வேண்டும், கம்பத்துக்கு மறுபடியும் தோண்ட வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் வைத்திருக்கிறேன்.